லிவிக்னோவில் வாங்கிய களிம்பு

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தீர்ப்பின் நகலைத் தாக்கல் செய்தார். மேலோட்டமாகப் பார்த்தால் அதற்கும் எங்கள் வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் கட்சிக்காரர் தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த இளம்பெண், நெடுந்தூர ஓட்டக்காரர். தீர்ப்போ நார்வே நாட்டுப் பனிச்சறுக்கு வீராங்கனை தெரேஸ் யோஹௌக் பற்றியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் 2017 ஆகஸ்ட் 21 அன்று வழங்கியது. “டாக்டர் கொடுத்தார், நம்பிப் பயன்படுத்தினேன் என்று சொன்ன உலகச் சாம்பியனுக்கே 18 மாதத் தடை விதித்திருக்கிறார்கள். இந்த வழக்கில் மட்டும் எப்படிச் சலுகை காட்ட முடியும்?” என்பது அவர் வாதம்.

எங்கள் வழக்கு ஊக்கமருந்து ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் இருந்தது. சட்டம் படித்தவர், மருத்துவர், முன்னாள் விளையாட்டு வீரர் என மூன்று பேர் கொண்ட அமர்வு. தீர்ப்பைப் படித்துப் பதில் சொல்ல எனக்கு அவகாசம் கொடுத்தார்கள். அன்று இரவே படிக்க உட்கார்ந்தேன். என் தரப்பை உடைக்க வந்த தீர்ப்புதான். ஆனால் படிக்கப் படிக்க, அந்தப் பெண்ணின் வாழ்க்கையே என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஊக்கமருந்து வழக்கு எது வந்தாலும் என் ஜூனியர்களுக்கு முதலில் படிக்கக் கொடுப்பது இதைத்தான்.

பனிச்சறுக்கு என்றதும் மலையுச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும் காட்சிதான் நம் நினைவுக்கு வரும். கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் அது அல்ல. குறுகலான, நீண்ட, எடை குறைந்த பலகைகளில் காலணியின் முன்பகுதி மட்டும் பூட்டப்பட்டிருக்கும், குதிகால் எழும்பி இறங்கும். இரண்டு கையிலும் கோல் ஊன்றி, ஏற்றமும் இறக்கமுமான பனிப்பாதையில் 10 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர் என்று தன் உடல்பலத்திலேயே போக வேண்டும். கிளாசிக் முறையில் வெட்டிவைத்த தடத்தில் நேராகப் போவார்கள். ஃப்ரீஸ்டைலில் ஸ்கேட்டிங் போலப் பக்கவாட்டில் உந்திப் போவார்கள். ஸ்கியாத்லான் என்ற போட்டியில் பாதித் தூரம் அப்படி, மீதித் தூரம் இப்படி. மூச்சும் நெஞ்சும் இந்த அளவுக்குச் சோதிக்கப்படும் விளையாட்டுகள் அதிகம் இல்லை. நார்வேயில் குழந்தைகள் நடக்கப் பழகிய கையோடு ஸ்கீ மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு இருக்கும் இடம் அங்கே இதற்கு.

யோஹௌக் 1988-ல் பிறந்தவர். டால்ஸ்பிக்டா என்ற மலைக்கிராமத்துக்காரர். 2007-ல் ஜப்பானின் சப்போரோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 30 கிலோமீட்டரில் வெண்கலம் வாங்கியபோது வயது 18. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தொடரோட்டத் தங்கம். 2011-ல் சொந்த நாட்டின் ஹோல்மன்கோலன் பாதையில் 30 கிலோமீட்டர் உலகப் பட்டம். 2015-ல் ஸ்வீடனின் ஃபாலூனில் மூன்று தங்கம். சின்ன உருவம், வேகமான அடிகள். ஏற்றம் எவ்வளவு செங்குத்தோ அவ்வளவுக்கு அவருக்குச் சாதகம். புத்தாண்டை ஒட்டிப் பல நாள் நடக்கும் ‘டூர் தி ஸ்கீ’ தொடரின் கடைசிக் கட்டத்தில், மற்றவர்கள் இறங்குவதற்கென்றே இருக்கும் இத்தாலியின் ஆல்ப் செர்மிஸ் சரிவை இவர்கள் கீழிருந்து மேலே ஏறுவார்கள். 2016 ஜனவரியில், முன்னால் புறப்பட்டுப் போன சக நாட்டு வீராங்கனை இங்வில் ஓஸ்ட்பர்க்கை அந்த ஏற்றத்தில்தான் எட்டிப்பிடித்துத் தாண்டினார். அந்தப் பருவத்தின் ஒட்டுமொத்த உலகக் கோப்பையும் அவருக்கே. ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் ஒன்றுதான் பாக்கி. அடுத்த வாய்ப்பு 2018 பியோங்சாங்.

இந்த நிலையில்தான் 2016 ஆகஸ்ட் இறுதியில் நார்வே அணி இத்தாலியின் லிவிக்னோவுக்குப் பயிற்சிக்குப் போகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். உயரத்தில் வெயில் கடுமை. யோஹௌக்கின் உதடுகள் வெந்து புண்ணாகிவிட்டன. கையில் இருந்த மருந்துக்குப் புண் ஆறவில்லை. அணி மருத்துவர் ஃப்ரெட்ரிக் பெண்டிக்சென் செப்டம்பர் 3 அன்று உள்ளூர் மருந்துக் கடையில் ட்ரோஃபோடெர்மின் என்ற களிம்பை வாங்கிக் கொடுத்தார். ஊக்கமருந்துப் பட்டியலில் இதில் உள்ள ஏதாவது இருக்கிறதா என்று யோஹௌக் கேட்டார். இல்லை என்றார் மருத்துவர். மறுநாள் முதல் 15-ஆம் தேதி வரை அவர் அதை உதட்டில் தடவினார். செப்டம்பர் 16 அன்று போட்டிக்கு வெளியிலான பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்தார்கள். சமீபத்தில் பயன்படுத்திய மருந்துகளைக் குறிப்பிட அந்தப் படிவத்தில் ஓர் இடம் உண்டு. அதில் ட்ரோஃபோடெர்மின் என்று அவரே எழுதினார்.

அந்தக் களிம்பில் குளோஸ்டெபால் இருக்கிறது. அனபாலிக் ஸ்டீராய்டு வகை. உதட்டுப் புண்ணுக்கு அதனால் ஆறுதல் கிடைக்கும். 30 கிலோமீட்டர் பந்தயத்தில் அந்த அளவால் ஒரு அடி கூட முன்னேற முடியாது. ஆனாலும் தடைப்பட்டியலில் அதற்கு அளவு வரம்பு கிடையாது. துளி இருந்தாலும் மீறல்தான்.

பெட்டி விவகாரத்துக்கு வருகிறேன், தீர்ப்பின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. இத்தாலியில் 2000-ஆம் ஆண்டின் 376-ஆம் எண் சட்டப்படி, தடைசெய்யப்பட்ட பொருள் உள்ள மருந்துகளின் உறையில் எச்சரிக்கை அடையாளம் போட்டாக வேண்டும். ட்ரோஃபோடெர்மின் பெட்டியிலும் அது இருந்தது. வட்டத்துக்குள் ‘டோப்பிங்’ என்ற சொல், குறுக்கே கோடு. இத்தாலிய மொழி தெரியாதவருக்கும் புரியும். மூலப்பொருள்களின் வரிசையில் குளோஸ்டெபால் என்ற பெயரும் அச்சிடப்பட்டிருந்தது. மருத்துவர் அதைக் கவனிக்கவில்லை. கையில் வாங்கிய யோஹௌக்கும் கவனிக்கவில்லை.

அக்டோபரில் ஓஸ்லோவில் பத்திரிகையாளர்கள் முன் அவர் அழுதது உலகம் முழுக்க ஒளிபரப்பானது. மருத்துவர் முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று சொல்லி விலகினார். ஒரு மருத்துவர் இப்படி வெளிப்படையாகப் பழியை ஏற்றுக்கொள்வதை என் வக்கீல் தொழிலில் நான் பார்த்ததில்லை. அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சட்டத்தில் அது யோஹௌக்கை முழுதாகக் காப்பாற்றாது.

காரணத்தைச் சொல்ல வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பு, உடலுக்குள் என்ன போகிறது என்பதற்கு வீரரையே பொறுப்பாளி ஆக்குகிறது. உள்நோக்கம் இருந்ததா இல்லையா என்பது மீறலைத் தீர்மானிக்காது, தண்டனையின் அளவைத்தான் தீர்மானிக்கும். யோஹௌக் மீது பாய்ந்த 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஸ்டீராய்டு என்றால் நான்கு ஆண்டுத் தடை. உள்நோக்கம் இல்லை என்று நிரூபித்தால் இரண்டு ஆண்டு. பெரிய தவறோ அலட்சியமோ இல்லை என்றும் காட்டினால் அதில் பாதிவரை குறைக்கலாம், அதற்குக் கீழே இறங்க முடியாது. தவறே இல்லை என்று நிறுவினால் மட்டுமே தடை நீங்கும். தன் மருத்துவர் தனக்குத் தெரியாமல் கொடுத்தது அந்தக் கடைசி வகையில் வராது என்று விதியின் விளக்கக் குறிப்பே கூறுகிறது. மருத்துவரைத் தேர்ந்தெடுத்தது வீரர், எச்சரிக்க வேண்டியதும் வீரர் என்பது அதன் நியாயம். ஆக, யோஹௌக்கின் வழக்கு முழுவதும் 12 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையில் நடந்த வழக்கு.

நார்வே விளையாட்டுக் கூட்டமைப்பின் தீர்ப்புக் குழு 2017 பிப்ரவரியில் 13 மாதம் என்றது. தற்காலிகத் தடை தொடங்கிய 2016 அக்டோபர் 18-லிருந்து கணக்கு. அதாவது 2017 நவம்பரில் தடை முடியும், பியோங்சாங் போகலாம். அந்தப் பிப்ரவரியிலேயே பின்லாந்தின் லாத்தியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை அவர் இழந்தாகிவிட்டது. அங்கே அவருடைய மூத்த தோழி மாரித் பியோர்கன் நான்கு தங்கம் வென்றார். ஒலிம்பிக்காவது மிஞ்சியது என்ற ஆறுதல் சில வாரங்கள்தான் நீடித்தது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. 16 முதல் 20 மாதம் வரை தடை வேண்டும் என்று கேட்டது. ஜூன் மாதம் லோசானில் விசாரணை. ஆகஸ்டில் தீர்ப்பு: 18 மாதம், 2018 ஏப்ரல் 18 வரை. பிப்ரவரியில் நடக்கும் ஒலிம்பிக் கைவிட்டுப் போனது.

நடுவர்கள் அவரைப் பொய்யர் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. ஏமாற்ற நினைத்தார் என்ற பேச்சே அங்கே இல்லை. வழக்கமாக எச்சரிக்கையாக இருப்பவர் என்றே ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் பிடித்த புள்ளி ஒன்றே: வழக்கமான அந்த எச்சரிக்கை இருந்தும், பெட்டியைப் பார்ப்பது என்ற மிக அடிப்படையான சோதனையைச் செய்யவில்லை. தடைசெய்யப்பட்ட பொருளின் பெயரும், தெளிவான எச்சரிக்கை அடையாளமும் அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2016 ஜூலையில், அதே அணியின் மார்ட்டின் யோன்ஸ்ரூட் சுன்ட்பிக்கு இதே மன்றம் இரண்டு மாதத் தடை விதித்திருந்தது. ஆஸ்துமாவுக்கு சல்பூட்டமால் மருந்தை நெபுலைசரில் அனுமதி அளவுக்கு மேல் எடுத்தது குற்றம். அதுவும் அணி மருத்துவரின் ஆலோசனைப்படி நடந்ததே. 2015 டூர் தி ஸ்கீ பட்டமும் அந்தப் பருவத்தின் உலகக் கோப்பையும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டன. அணி மருத்துவர் சொன்னால் போதும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, லிவிக்னோவுக்குக் கிளம்பும் முன்பே நார்வே அணி பார்த்திருந்தது.

தீர்ப்பு சரியா? என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சரி என்றுதான் சொல்வேன், மனம் கனத்துத்தான் சொல்வேன். 13-க்கும் 18-க்கும் இடையே காகிதத்தில் ஐந்து மாதம், ஒரு பனிச்சறுக்கு வீராங்கனையின் வாழ்க்கையில் அது நான்கு ஆண்டு. ஆனால் போட்டி அட்டவணையைப் பார்த்துத் தண்டனை அளந்தால், ஒரே தவறைச் செய்த இரண்டு பேருக்கு இரண்டு நீதி கிடைக்கும். ஒலிம்பிக் நெருங்கும் ஆண்டில் பிடிபட்டவருக்குக் கருணை, மற்றவருக்கு முழுத்தடை என்று ஆகும். அதை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது. எனக்கு உறுத்துவது வேறு இடம். கேள்வி கேட்ட வீராங்கனை, படிவத்தில் தானே மருந்தின் பெயரை எழுதிய வீராங்கனை. இந்த நேர்மைக்குத் தீர்ப்பில் இன்னும் கொஞ்சம் எடை கிடைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். 16 மாதம் என்று தீர்ப்பாகியிருந்தாலும் பியோங்சாங்கின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருக்கும்தான். இருந்தாலும் அந்த எடையை எழுத்தில் காட்டியிருக்க வேண்டும்.

இப்போது என் கட்சிக்காரருக்கு வருகிறேன். பயிற்சியில் கால் பிசகி, கணுக்கால் வீங்கி, ஊரில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். “டாக்டர்ட்ட கேட்டேன் சார். ஓடுற பிள்ளைக்கு இது ஆகுமான்னு கேட்டேன். ஒண்ணும் செய்யாதும்மா, வீக்கம் வத்திரும்னு சொன்னாரு.” இதைச் சொல்லும்போது அவருடைய அம்மாவும் பக்கத்தில் இருந்தார். “நானும் கூடத்தான் இருந்தேன் ஐயா, என் காதால கேட்டேன்” என்றார். எழுதிக் கொடுத்தது சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றும் அந்த மருந்து, வேறு ஊக்கமருந்தின் தடயத்தையும் நீர்க்கச் செய்துவிடும் என்பதால் விளையாட்டில் எப்போதும் தடை.

மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை தீர்ந்த பிறகும் அந்தத் துண்டைச் சிறுமி மாதிரி பத்திரமாகப் பைக்குள் வைத்திருந்தார். மேசை மேல் வைத்துப் பார்த்தேன். வெள்ளிநிறத் தகட்டின் ஓரத்தில் மருந்தின் பெயர் பாதி வெட்டுப்பட்டிருந்தது, கடைசி மூன்று எழுத்துகள் மட்டும். காலாவதித் தேதி மற்ற துண்டோடு போய்விட்டது. பெட்டி அவர் கைக்கு வரவே இல்லை.

என் பதில் வாதம் இரண்டு கால்களில் நின்றது. முதலாவது, யோஹௌக் பயன்படுத்தியது ஸ்டீராய்டு. அதற்குக் குறைந்தபட்சம் 12 மாதம் என்ற தரை உண்டு. எங்கள் மருந்து விதித்தொகுப்பில் ‘குறிப்பிட்ட பொருள்’ என்ற வகை. அங்கே கண்டிப்போடு விடுவதிலிருந்து இரண்டு ஆண்டுவரை எதுவும் விதிக்கலாம். எனவே அந்த 18 என்ற எண்ணை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. இரண்டாவது, யோஹௌக் தண்டிக்கப்பட்டது மருத்துவரை நம்பியதற்கு மட்டுமல்ல, கையில் இருந்த பெட்டியைப் பார்க்காமல் விட்டதற்கும். இந்தப் பெண்ணின் கையில் பார்க்கப் பெட்டியும் இல்லை, எச்சரிக்கை அடையாளமும் இல்லை. காணொளி விசாரணையில் அட்டைத் துண்டைக் கேமரா முன் தூக்கிக் காட்டினேன். மருத்துவ உறுப்பினர் இன்னும் நெருக்கமாகக் காட்டச் சொன்னார்.

அமர்வில் இருந்த முன்னாள் வீரர் கேட்ட கேள்விதான் கடினமானது. “மருந்துச் சீட்டில் பெயர் இருந்ததே, கையில் போன் இருந்ததே. தட்டிப் பார்த்திருக்கலாமே அம்மா?” அவர் தலைகுனிந்து, “பார்த்திருக்கலாம் சார்” என்றார். நான் அதை மறுத்துப் பேசவில்லை. உண்மை அது. எட்டு மாதத் தடை விதித்தார்கள், தற்காலிகத் தடையில் கழிந்த காலம் போக மிச்சம் கொஞ்சம்தான். எதிர்த்தரப்பு கொண்டுவந்த தீர்ப்பையே எங்கள் பக்கமும் மேற்கோள் காட்டி எழுதியிருந்தார்கள்.

யோஹௌக்குக்கு என்ன ஆயிற்று என்று அந்தப் பெண் கேட்டார். சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். பியோங்சாங் நடந்தபோது அவர் களத்தில் இல்லை. ஃபாலூனில் அவர் உலகப் பட்டம் வென்ற 30 கிலோமீட்டர் கிளாசிக்கில், ஒலிம்பிக் தங்கம் பியோர்கனுக்குப் போனது. தடை முடிந்து, 2018 நவம்பரில் பின்லாந்தின் ரூக்காவில் உலகக் கோப்பைக்குத் திரும்பிய யோஹௌக் 10 கிலோமீட்டர் கிளாசிக்கை வென்றார். 2019-ல் ஆஸ்திரியாவின் சீஃபெல்டில் மூன்று தனிநபர் உலகப் பட்டங்கள். அதே ஆண்டு கோடையில் ஓடுதளத்தில் இறங்கி 10,000 மீட்டரில் நார்வேயின் தேசியப் பட்டத்தையும் வாங்கினார். என் கட்சிக்காரரின் முகம் மலர்ந்தது இந்த இடத்தில்தான், அவருடைய பந்தயமும் அதுவே. 2021-ல் ஓபர்ஸ்ட்டார்ஃபில் நான்கு தங்கம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் தங்கப் பதக்கமே ஸ்கியாத்லானில் அவர் வென்றது. 10 கிலோமீட்டரில் பின்லாந்தின் கெர்த்து நிஸ்கானனை 0.4 விநாடியில் முந்தினார். கடைசி நாளில் 30 கிலோமீட்டரும் அவருடையதே. ஓய்வு அறிவித்து, தாயாகி, மீண்டும் வந்து, 2025-ல் நான்காவது முறையாக டூர் தி ஸ்கீயை வென்றார்.

அதே 2025 பிப்ரவரியில் டென்னிஸ் வீரர் யானிக் சின்னருக்கு இதே குளோஸ்டெபாலுக்காக மூன்று மாதத் தடை முடிவானது. யோஹௌக்குக்கு 18, சின்னருக்கு மூன்றா என்று நார்வேயில் கொதித்தார்கள். கோபம் புரிகிறது. ஆனால் சின்னர் அந்த மருந்தைத் தொடவில்லை. அவருடைய பிசியோதெரபிஸ்ட் தன் விரல் காயத்துக்கு அடித்துக்கொண்ட ஸ்ப்ரே, மசாஜ் வழியாக அவர் உடலுக்குள் போனது. தெரிந்து எடுத்துத் தடவியதும் தெரியாமல் வந்து ஒட்டியதும் சட்டத்தில் ஒரே தட்டில் வராது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்போடு உடன்பாட்டில் முடிந்த வழக்கு என்பதால், அந்தக் கேள்விக்கு நடுவர் மன்றத்தின் பதில் எழுத்தில் வராமலே போய்விட்டது. எனக்கு அது ஒரு குறை.

இதைப் படிக்கும் விளையாட்டுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் நான் கேட்டுக்கொள்வது இது. மருந்தை அட்டையோடு வாங்குங்கள். வெட்டித்தான் தருவேன் என்றால் முழுப் பெயரையும் பெட்டியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் மூலப்பொருளின் பெயரைத் தேடுங்கள். டாக்டரிடம் நீங்கள் விளையாட்டு வீரர் என்பதைச் சொல்லி, அதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு வந்தால் சாப்பிட்டது, தடவியது எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். அந்த மருந்து இல்லாமல் முடியாது என்ற நிலை இருந்தால், பயன்படுத்துவதற்கு முன்பே மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க விதியில் வழி இருக்கிறது.